ஒரே பாடம், இரண்டு மொழி: சேலம், நாமக்கல் தொடக்கப் பள்ளிகளில் இருமொழிக் கல்வி

தமிழ்நாட்டில் கணக்கு, சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக அச்சாகின்றன. உள்ளடக்கம் ஒன்றுதான். தமிழ்வழியில் சேர்ந்த குழந்தைக்கு ஒரு புத்தகம், ஆங்கிலவழியில் சேர்ந்த குழந்தைக்கு இன்னொன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றில் இந்த இரண்டு புத்தகங்களும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர் முன்னால் திறக்கப்படுகின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் இரண்டு வழிகள் இருந்தாலும் உட்காரும் பாய் ஒன்றுதான்.

ஒரு வகுப்பை இரண்டு மொழிகளில் நடத்துவது உலகின் சில பகுதிகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டமிட்ட கல்விமுறையாக இருந்துவருகிறது. இதற்கு இருமொழி மூழ்கல் கல்வி என்று பெயர். அமெரிக்காவில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த பள்ளிகள் இதற்குப் பெயர்போனவை. சேலம், நாமக்கல் சமவெளியிலும் இரண்டு மொழிகள் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. ஆனால் எந்த மொழி எப்போது, எவ்வளவு நேரம், எதற்காக என்ற திட்டம் அவற்றோடு வரவில்லை.

மூழ்கல் முறை என்பது என்ன

கியூபாவில் 1959இல் ஆட்சி மாறியபின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அமெரிக்காவின் மயாமி நகருக்குக் குடிபெயர்ந்தன. அங்குள்ள கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963இல் ஒரு முயற்சி தொடங்கியது. ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் ஏறக்குறையச் சம அளவில் சேர்க்கப்பட்டார்கள். நாளின் ஒரு பாதியில் அவரவர் தாய்மொழியிலும் மறுபாதியில் மற்ற மொழியிலும் பாடம் நடந்தது. மைதானத்திலும் பாட்டு, ஓவிய வகுப்புகளிலும் இரு தரப்பும் கலந்தார்கள். ஸ்பானிஷ் குழந்தைக்கு ஆங்கிலம் வர வேண்டும், ஆங்கிலக் குழந்தைக்கு ஸ்பானிஷ் வர வேண்டும். இருவரும் தத்தம் மொழியை இழக்கக் கூடாது என்பது நோக்கம். இதுவே பின்னர் இருவழி மூழ்கல் என்று வழங்கலாயிற்று.

கனடாவில் வேறொரு வகை உருவானது. கியூபெக் மாகாணத்தின் செயின்ட் லாம்பர்ட் ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு நன்றாக வர வேண்டும் என்று விரும்பினார்கள். 1965இல் அவர்கள் கேட்டு வாங்கிய மழலையர் வகுப்பு முழுவதும் பிரெஞ்சிலேயே நடந்தது. இது ஒருவழி மூழ்கல். வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கர் ஆகிய உளவியலாளர்கள் இக்குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்ந்தார்கள். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கிய குழந்தைகள், ஆங்கில வகுப்பு தொடங்கியபின் விரைவில் ஈடுகட்டிவிட்டார்கள்.

இன்று நடைமுறையில் இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன. 90:10 அமைப்பில் முதல் ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒரு மொழிக்குப் போகிறது. அந்தப் பங்கு ஆண்டுதோறும் குறைந்து, ஐந்தாம் வகுப்புவாக்கில் இரண்டும் சமமாகின்றன. 50:50 அமைப்பில் முதல் நாளிலிருந்தே நேரம் சமமாகப் பிரிகிறது. முற்பகல் ஒரு மொழி, பிற்பகல் மற்றொன்று என்றோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றோ, கணக்கு ஒரு மொழியிலும் அறிவியல் இன்னொன்றிலும் என்றோ இப்பிரிவு அமையலாம். பல பள்ளிகளில் மொழிக்கு ஓர் ஆசிரியராக இருவர் இணைந்து இரண்டு வகுப்புகளை மாறி மாறி எடுக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஆங்கிலவழி வந்த கதை

பயிற்றுமொழி பற்றிய விவாதம் சேலத்துக்குப் பழையது. சென்னை மாகாணத்தில் 1937இல் அமைந்த அமைச்சரவைக்குத் தலைமை வகித்த ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்த அமைச்சரவையில் கல்வித் துறையைக் கவனித்த ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1938இல் இந்தி கட்டாயப் பாடமானதும், எதிர்ப்புக்குப் பின் 1940இல் அது விலக்கப்பட்டதும் தமிழ்நாட்டு மொழிக்கொள்கையின் தொடக்க அத்தியாயம். 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம் காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக நிலைபெற்றது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது. அமெரிக்காவில் இருமொழிக் கல்விச் சட்டம் கையெழுத்தானதும் அதே மாதம்தான்.

தமிழ்நாட்டின் இருமொழிக் கொள்கை, குழந்தை எந்த இரண்டு மொழிகளைக் கற்கும் என்பதை முடிவு செய்தது. பாடங்களை எந்த மொழியில் நடத்துவது என்பது வேறு கேள்வியாகவே நின்றது. அரசுப் பள்ளிகளில் தமிழும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக இருந்தன. 1990களிலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகின. கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் ஆகிய தொழில்களில் பணம் புழங்கிய மாவட்டத்தில் பள்ளியும் ஒரு தொழிலாக வளர்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். 'பிராய்லர் பள்ளி' என்ற கேலிப் பெயரும் இந்தக் காலத்தில் பரவியது. மேல்வகுப்பில் ஆங்கிலவழி என்று ஆனபின், எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுவது நல்லது என்ற கணக்கு பெற்றோரிடம் இயல்பாக வந்தது. மஞ்சள் வேன்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவர, ஊர்ப் பள்ளிகளில் சேர்க்கை சரிந்தது.

அரசு இதற்கு மூன்று வழிகளில் பதிலளித்தது. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் ஒரே பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கின. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. இவற்றுள் பின்னிரண்டு முடிவுகளுக்கும் சேர்க்கையைத் தக்கவைப்பது முதன்மையான காரணம். இரண்டு மொழிகளில் கற்பிப்பது எப்படி என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டது.

ஈராசிரியர் பள்ளியின் கணக்கு

கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் தமிழ்வழி, ஆங்கிலவழி என்றால் காகிதத்தில் பத்துப் பிரிவுகள். பத்துப் பிரிவுகளை இரண்டு ஆசிரியர் தனித்தனியாக நடத்த முடியாது. அதனால் ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை என்று பல பள்ளிகள் பிரித்துக்கொள்கின்றன.

அந்த அறைக்குள் நடப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும். ஆசிரியர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிப்பார். உடனே தமிழில் விளக்குவார். கேள்வியும் பதிலும் தமிழில் போகும். கடைசியில் ஆங்கில விடை கரும்பலகையில் எழுதப்பட்டு, குழந்தைகள் அதை நோட்டில் பார்த்து எழுதுவார்கள். பாடம் தமிழில் புரிகிறது. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் புரிந்ததைத் தமிழில் எழுதிப் பழக வாய்ப்பு குறைகிறது. ஆங்கிலத்தில் எழுதியதைச் சொந்தமாகச் சொல்லிப்பார்க்க வாய்ப்பு அதைவிடக் குறைவு. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலும் இந்த வழக்கம் அரிதல்ல.

வரிக்கு வரி மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த நொடியே தமிழ் விளக்கம் வரும் என்று பழகிவிட்ட குழந்தை ஆங்கில வரியைக் கவனித்துக் கேட்பதில்லை. மூழ்கல் பள்ளிகள் மொழிகளை நேரத்தாலோ பாடத்தாலோ பிரித்துவைத்ததற்கு இதுவே காரணம். இரண்டு மொழிகளைக் கலந்தே பயன்படுத்தலாம் என்று சொல்லும் கல்வியாளர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களும் எந்த இடத்தில், எதற்காகக் கலக்கிறோம் என்பது ஆசிரியருக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஆய்வுகள் காட்டுவது

இருமொழி மூழ்கல் முறை பற்றிய நம்பகமான ஆய்வுகளுள் ஒன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்தது. அங்கே இம்முறைப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் மூலம் இடம் ஒதுக்கப்பட்டது. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ராண்ட் நிறுவன ஆய்வு 2015இல் வெளியானது. ஐந்தாம் வகுப்பில் மூழ்கல் முறைக் குழந்தைகள் ஆங்கில வாசிப்பில் சுமார் ஏழு மாதப் படிப்பு அளவுக்கும், எட்டாம் வகுப்பில் சுமார் ஒன்பது மாத அளவுக்கும் முன்னே இருந்தார்கள். பள்ளி நேரத்தின் கணிசமான பங்கை வேறொரு மொழியில் கழித்தும் ஆங்கிலம் குறையவில்லை.

இதைக் கொண்டு ஆங்கிலத்தில் எவ்வளவு முன்னதாக மூழ்கடித்தாலும் நல்லது என்று நாமக்கல்லில் ஒரு பெற்றோர் முடிவுகட்டினால் தவறாகிவிடும். போர்ட்லாந்திலும் செயின்ட் லாம்பர்ட்டிலும் குழந்தையின் வீட்டு மொழிக்கோ சமூகத்தின் பெரிய மொழிக்கோ எந்த ஆபத்தும் இல்லை. ஆசிரியருக்குத் தாம் கற்பிக்கும் மொழி சரளம். வகுப்பின் பாதியிலாவது வீட்டு மொழியில் எழுத்தும் வாசிப்பும் நடந்தன, அல்லது சில ஆண்டுகளில் சேர்க்கப்பட்டன. கூடுதலாக ஒரு மொழி சேரும் நிலையையும், ஒரு மொழி வந்து இன்னொன்றை இடம்பெயர்க்கும் நிலையையும் வாலஸ் லாம்பர்ட் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது குழந்தைக்கு லாபம். பின்னதில் இரண்டு மொழிகளுமே அரைகுறையாக நின்றுவிடக்கூடும்.

கனடியக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸின் கண்டறிதல் இன்னொரு வகையில் உதவுகிறது. புதிய மொழியில் அன்றாடப் பேச்சு வருவதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் போதும். பாடநூல் மொழியில் சிந்திக்கவும் எழுதவும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இது கனடாவில் கடை, தெரு, விளையாட்டுத் திடல் எங்கும் ஆங்கிலம் கேட்கும் குழந்தைகளைப் பற்றிய கணக்கு. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓடும் தெருவில் வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் வகுப்பறைக்கு வெளியே காதில் விழுவது குறைவு. அதற்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதே பொருத்தமான எதிர்பார்ப்பு.

எழுத்திலும் எண்ணிலும் என்ன கடந்துபோகிறது

ஒரு மொழியில் வாசிக்கக் கற்றவருக்கு இரண்டாம் மொழி வாசிப்பு எளிதாகிறது. எழுத்து ஓர் ஒலியைக் குறிக்கிறது, வரி இடமிருந்து வலமாகப் போகிறது, வாசித்ததில் ஒரு கதையோ செய்தியோ இருக்கிறது என்ற அறிவு ஒருமுறை வந்தால் போதும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நேரானது. 247 எழுத்துகள் என்று எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும், உயிரும் மெய்யும் பிடிபட்டபின் உயிர்மெய் ஒரு வாய்பாடாக விரிகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. எழுத்துக்கூட்டல் அடிக்கடி தடம் மாறுகிறது. அதனால் முதல் வாசிப்பைத் தமிழில் உறுதிசெய்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகும் குழந்தைக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

கடந்துபோகாதவையும் உண்டு. தமிழில் பகரம் ஒன்றே இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள், பொருளையே மாற்றுபவை. இவற்றை ஆசிரியர் தனியாகக் காதுக்குப் பழக்க வேண்டும். பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையிலும் தூரம் இருக்கிறது. வீட்டில் கொங்குப் பேச்சு, புத்தகத்தில் எழுத்துத் தமிழ், பக்கத்தில் ஆங்கிலம் என்று ஆறு வயதுக் குழந்தை முன்னால் மூன்று படிகள் நிற்கின்றன.

கணக்கில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். 'பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழி' என்னும்போது எண்கள் வரும் வரிசையும் 12 - 5 என்று எழுதும் வரிசையும் ஒன்றே. 'சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்' என்னும்போது வரிசை தலைகீழாகிறது. கழித்தல் தெரிந்த குழந்தையும் 5 - 12 என்று எழுதிவிடுகிறது. பதினொன்று, பன்னிரண்டு என்ற பெயர்களுக்குள் பத்து கேட்கிறது. 'இலெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றில் கேட்பதில்லை. மறுபுறம் தொண்ணூறு என்ற பெயரைவிட 'நைன்ட்டி' ஒழுங்கானது. பிழை கணக்கில் வந்ததா மொழியில் வந்ததா என்று பிரித்தறியும் ஆசிரியர் இருந்தால் இந்த வேறுபாடுகளே நல்ல பாடமாகும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இங்கே ஓர் அடித்தளம் தருகிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலும், பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகிறார்கள். தமிழில் மலர் நிலையில் இருக்கும் குழந்தை ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கலாம். இரண்டு மொழிகளுக்கும் தனித்தனி நிலை பார்ப்பது இருமொழிக் கல்விக்குத் தேவையான முதல் பழக்கம்.

வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகள்

சேலம் நகரிலும் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் கன்னடம் பேசும் தேவாங்கர் குடும்பங்களும் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன. இரு மாவட்டங்களிலும் தெலுங்கு பேசுவோர் ஏராளம். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அண்மைக் காலத்தில் கோழிப்பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளரின் குழந்தைகள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். கொல்லிமலையின் மலையாளி பழங்குடியினர் பேசுவது தமிழே ஆனாலும் சமவெளிப் பாடநூலின் தமிழிலிருந்து விலகியது.

மயாமியின் ஸ்பானிஷ் குழந்தைக்கு இந்த வட்டாரத்தில் ஒப்பானவர்கள் இவர்களே. அரசமைப்பின் 350-ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. உள்ளூர்க் கன்னட, தெலுங்குக் குழந்தைக்குத் தெருவிலேயே தமிழ் வந்துவிடுவதால் தமிழ்வழிப் பள்ளி பெரிய தடை ஆவதில்லை. புதிதாக வந்த ஒடியாக் குழந்தை ஆங்கிலவழிப் பிரிவில் உட்கார்ந்தால், ஆசிரியர் விளக்கும் தமிழும் எழுதிப்போடும் ஆங்கிலமும் ஒரே அளவு அந்நியம். ஒடிசாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே 2000களின் பிற்பகுதியில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தொடங்கி, ஒடியா மொழி படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

சட்டமும் பெற்றோரின் தேர்வும்

பயிற்றுமொழியை அரசு கட்டாயப்படுத்த முடியுமா என்ற வழக்குகள் நடந்துள்ளன. தொடக்க வகுப்புகளில் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழி என்று தமிழ்நாடு அரசு 1999இல் பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. கர்நாடகத்தின் இதேபோன்ற ஆணையை 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. குழந்தையின் தாய்மொழி எது என்பதைச் சொல்வது பெற்றோரின் உரிமை என்றது. கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆந்திரத்தில் 2019இல் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற வந்த ஆணையை 2020இல் அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அந்த முயற்சியின் விளைவாக ஆங்கிலமும் தெலுங்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சான பாடநூல்கள் மாணவர் கைக்கு வந்தன.

தமிழ்வழிக்கு ஆதரவான ஊக்கமும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஒன்றாம் வகுப்பில் எந்த வழி என்று டிக் அடிக்கும் பெற்றோர் இருபது ஆண்டு கழித்து வரும் வேலையையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற இந்த ஏற்பாட்டில், இரு மொழியிலும் படித்த குழந்தைக்குத் தனிக் கட்டம் இல்லை.

நடைமுறைக்கு ஏற்ற அமைப்பு

மயாமி முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட குழந்தைகள் வகுப்பில் பாதிப்பேர் இருக்கப்போவதில்லை. இலங்கையின் அனுபவம் அதிகம் பொருந்தும். அங்கே தொடக்கக் கல்வி தமிழிலோ சிங்களத்திலோ நடக்கிறது. இருமொழிக் கல்வி ஏற்பாடு உள்ள பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து சில பாடங்கள் மட்டும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டு ஈராசிரியர் பள்ளிக்கு இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் தமிழில். ஆங்கிலம் பாட்டு, கதை, கட்டளை, உரையாடல் என்று காதுக்கும் வாய்க்கும் மட்டும். மூன்றாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பு. நான்கு, ஐந்தில் அறிவியலின் சில அலகுகள், குறித்த நேரத்தில், முழுவதும் ஆங்கிலத்தில். ஒரு பாடத்தை முதலில் தமிழில் முடித்துவிட்டு, மறுவாரம் அதே செய்தியைக் குறுகிய ஆங்கிலப் பாடமாக எடுத்தால் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு தேவைப்படாது. சமச்சீர் பாடத்திட்டத்தால் இரண்டு மொழியிலும் ஒரே பாடநூல் இருப்பதால் இதற்குப் புதிய புத்தகம் அச்சிட வேண்டியதில்லை. இரண்டையும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கொடுத்தால் போதும்.

ஆசிரியர் பயிற்சியில்தான் செலவும் உழைப்பும் தேவை. தொடக்க வகுப்பு ஆசிரியருக்கான தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 ஆங்கில மொழிக்கு உரியவை. ஆங்கிலத்தில் கணக்கையோ அறிவியலையோ கற்பிக்கும் திறன் அதில் தனியாகச் சோதிக்கப்படுவதில்லை. சேலம் உத்தமசோழபுரத்தில் உள்ளது போன்ற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இந்தத் திறனுக்கென்று பயிற்சி அளிக்கலாம்: இரு மொழியில் ஒரு பாடத்தைத் திட்டமிடுவது, ஒலி வேறுபாடுகளைப் பழக்குவது, கணக்கில் வரும் மொழிப் பிழையை அடையாளம் காண்பது. தேர்வும் மாற வேண்டியிருக்கும். கருத்தைத் தமிழில் சரியாகச் சொல்லி, அதன் ஆங்கிலச் சொற்களையும் அறிந்த குழந்தைக்கு இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கும்போது, ஆங்கில விடையை மனப்பாடம் செய்து எழுதவேண்டிய கட்டாயம் குறையும்.